ஆன்லைன் கேமில் வசைமழையா? வீட்டுக்கு 20 குறிப்புகள்

பிள்ளை எத்தனை மணி நேரம் போனில் விளையாடுகிறது என்று எல்லா வீட்டிலும் சண்டை நடக்கிறது. அந்த நேரம் முழுக்க ஹெட்போனுக்குள் யார், என்ன பேசுகிறார்கள் என்று கேட்கிற வீடு குறைவு. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், வேலரன்ட், ராப்லாக்ஸ், மைன்கிராஃப்ட், கால் ஆஃப் டியூட்டி என எதுவானாலும் கூட ஆடுபவர்களோடு பேசவோ எழுதவோ வசதி இருக்கிறது. ஒரு ஆட்டம் தோற்றால் போதும், முகம் தெரியாத ஒருவர் பிள்ளையின் அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டுகிறார். நிறம், சாதி, மதம், ஊர், பேசும் மொழி எதையும் விட்டுவைப்பதில்லை. "நூப்" (ஆடத் தெரியாதவன்), "கேமை அன்இன்ஸ்டால் பண்ணு" என்பதெல்லாம் சாதாரணம். "செத்துப் போ" என்று சொல்வதும் நடக்கிறது. பிள்ளைகள் இதையெல்லாம் "டாக்சிக்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். பெற்றோருக்கும், தாங்களே விளையாடும் இளைஞர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் குறிப்புகள்.

1. சொல்லும் பிள்ளையின் போனைப் பிடுங்காதீர்கள். மற்ற 19 குறிப்புகளும் இதை நம்பித்தான் இருக்கின்றன. "ஒருத்தன் கேம்ல அசிங்கமா திட்டறான்மா" என்று பிள்ளை வந்து சொன்னதும், "அதுக்குத்தான் இந்தக் கருமத்தை விளையாடாதேன்னு சொன்னேன்" என்று போனை வாங்கிப் பூட்டிவைத்தால், திட்டியவனுக்கு ஒன்றும் ஆகாது. தண்டனை சொன்ன பிள்ளைக்குத்தான். அடுத்த முறை இதைவிட மோசமாக ஒன்று நடந்தாலும் பிள்ளை வாய் திறக்காது. "நீ சொன்னது நல்லது. போன் உன்கிட்டதான் இருக்கும். என்ன பண்ணலாம்னு சேர்ந்து பார்ப்போம்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். விளையாடும் நேரத்தைக் குறைக்க வேண்டுமானால் அதை வேறொரு நாள் தனியாகப் பேசுங்கள். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடக் கூடாது.

2. கேமை இறக்கியதும் முதல் ஆட்டத்துக்கு முன்பே செட்டிங்ஸைத் திறந்து சாட் பகுதியைப் பாருங்கள். பெரும்பாலான கேம்களில் குரலும் எழுத்தும் திறந்தேதான் வருகின்றன. யாரும் மாற்றாவிட்டால் அப்படியே இருக்கும். முதலில் மூடிவைத்தால் என்ன ஆகும் என்பதை லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமை நடத்தும் ரயட் நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது. எதிரணியோடு பேசும் சாட்டை நீக்கவில்லை. அணைத்துவைத்து, வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் மாற்றினார்கள். மோசமான பேச்சு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, நல்ல பேச்சு ஏறக்குறைய 35 சதவீதம் கூடியது. ஆட்கள் பேசும் அளவோ பெரிதாக மாறவில்லை. அதாவது, ஒரு பொத்தானைப் போட வேண்டியிருந்தாலே திட்டுபவர்களில் பலர் அடங்கிவிடுகிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஃபோர்ட்நைட் கேமின் எபிக் நிறுவனத்துக்குக் குழந்தைகளின் தனியுரிமை தொடர்பாக 27.5 கோடி டாலர் அபராதம் விதித்தபோது, சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் குரல், எழுத்து இரண்டும் முதலில் அணைந்தே இருக்க வேண்டும் என்பதையும் கட்டாயமாக்கியது. நம் வீட்டில் அதைச் செய்ய எந்தக் கமிஷனும் வர வேண்டியதில்லை. ஐந்து நிமிட வேலை.

3. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் போன்ற போன் கேம்களில் திரையின் ஓரத்தில் ஸ்பீக்கர் படம் ஒன்றும் மைக் படம் ஒன்றும் இருக்கும். ஸ்பீக்கர், மற்றவர் பேசுவது நமக்குக் கேட்க. மைக், நாம் பேசுவது மற்றவருக்குக் கேட்க. இரண்டும் வேறு வேறு. மைக்கை மட்டும் அணைத்துவிட்டு "மூடிட்டேன்" என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் உண்டு. காதில் விழும் வசைக்கு ஸ்பீக்கரைத்தான் அணைக்க வேண்டும். எல்லோருக்கும், என் அணிக்கு மட்டும், யாருக்கும் வேண்டாம் என்று பிரித்துவைக்கும் இடத்தில் "எல்லோருக்கும்" என்பதை எந்த நாளும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

4. கம்ப்யூட்டரில் வேலரன்ட் ஆடுபவர்களுக்கு: நண்பர்களோடு பேசும் பார்ட்டி வாய்ஸ் தனி, அறியாத ஆட்களும் சேர்ந்த டீம் வாய்ஸ் தனி. டீம் வாய்ஸை அணைத்துவிட்டு நண்பர்கள் பேசுவதை மட்டும் கேட்கலாம். உங்கள் பார்ட்டியில் இல்லாதவர்களுக்கு உங்கள் ஐடி தெரியாமல் மறைக்கும் வசதியும் அங்கே உண்டு. மறைத்தால், ஆட்டம் முடிந்த பிறகு தேடிவந்து திட்டுவது பெருமளவு நின்றுவிடும்.

5. தமிழ்க் கெட்ட வார்த்தைகளுக்குத் தனி வடிகட்டி போடுங்கள். கேம் நிறுவனங்களின் வடிகட்டிகள் ஆங்கில வசைகளை நன்றாகப் பிடிக்கும். தமிழ் வசையை ஆங்கில எழுத்தில், அதுவும் இரண்டு எழுத்தைக் கூட்டியோ நடுவில் ஒரு எண்ணைச் செருகியோ அடித்தால் பெரும்பாலும் தப்பிவிடும். இந்திக்கும் தெலுங்குக்கும் இதே கதைதான். வேலரன்ட் போன்ற சில கேம்களில் நாமே சொற்களைச் சேர்த்து மறைக்கும் பட்டியல் இருக்கிறது. அதில் அடிக்கடி வரும் வசைகளை, எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனை விதத்திலும் சேர்த்துவிடுங்கள். பட்டியலைப் பிள்ளையே தயாரிக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து "இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும். அந்தச் சொற்கள் பிள்ளையின் காதில் ஏற்கெனவே விழுந்தவை.

6. மியூட் செய்யும்போது அறிவிக்காதீர்கள். "உன்னை மியூட் பண்றேன் போடா" என்று சொல்லிவிட்டு மியூட் செய்தால், எதிராளி எழுத்தில் வருவான், அல்லது வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுப்பான். அவனுக்கு வேண்டியது நம் கோபம்தான். பேசாமல் அவன் பெயரைத் தொட்டு மியூட் செய்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். எப்போது மியூட் செய்வது? முதல் வசையிலேயே. "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று காத்திருந்தவர்கள், பதிலுக்குத் திட்டி, கடைசியில் தங்கள் ஐடிக்கே தடை வாங்கியிருக்கிறார்கள். பதில் வசையும் வசையாகத்தான் பதிவாகும், யார் ஆரம்பித்தது என்று பார்க்கமாட்டார்கள்.

7. மியூட் வேறு, பிளாக் வேறு. பல கேம்களில் மியூட் அந்த ஒரு ஆட்டத்தோடு போய்விடும். ஆட்டத்துக்குப் பிறகு நண்பராகச் சேர அழைப்பு அனுப்பியும், தனி மெசேஜிலும் தொந்தரவு தொடராமல் இருக்க பிளாக் செய்ய வேண்டும். ஓவர்வாட்சில் "இந்த ஆள் என் அணியில் வேண்டாம்" என்று குறித்துவைக்கவும் வழி உண்டு.

8. "சாட்டை மூடினால் எப்படிச் சேர்ந்து ஆடுவது?" என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்விதான். பிங் பழகச் சொல்லுங்கள். வரைபடத்திலோ திரையிலோ ஓர் இடத்தைத் தொட்டு எதிரி இங்கே, போகலாம் வா, துப்பாக்கி கிடக்கிறது என்று குறியாகக் காட்டுவதுதான் பிங். 2019 பிப்ரவரியில் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் இதை மிக நன்றாகச் செய்து காட்டியது. அறியாத மூன்று பேர் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு ஆட்டத்தை ஜெயிக்கலாம் என்று அப்போது தெரிந்தது. மற்ற கேம்களும் அதைப் பின்பற்றின. போன் கேம்களில் "உதவி வேண்டும்", "பின்வாங்கு" போன்ற தயார் வாக்கியங்களும் இருக்கின்றன. அன்றாட ஆட்டத்துக்கு இது தாராளம்.

9. குரலின் சத்தத்தைத் தனியாகக் குறையுங்கள். துப்பாக்கிச் சத்தமும் காலடிச் சத்தமும் முழுதாகக் கேட்டு, ஆட்கள் பேசுவது மட்டும் மெல்லக் கேட்கும்படி வைக்கலாம். மைக்கில் வாயை வைத்துக் கத்துபவர்களிடமிருந்து காதைக் காப்பாற்ற இது போதும்.

10. ரிப்போர்ட் செய்வதைச் சோம்பலால் விடாதீர்கள். "ரிப்போர்ட் அடிச்சு என்ன ஆகப்போகுது" என்ற அலுப்பு எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் ரிப்போர்ட்டின் பயன் நமக்கு உடனே தெரியாதது, பயன் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. எக்ஸ்பாக்ஸில் 2023 முதல் விதி மீறலுக்கு ஏற்ப ஸ்ட்ரைக் போடுகிறார்கள். எட்டு சேர்ந்தால் ஓராண்டுக்குப் பேசவோ குழுவாக ஆடவோ முடியாது. பிளேஸ்டேஷன் 5-ல் பார்ட்டியில் பேசிய கடைசி 5 நிமிடம் தற்காலிகமாகச் சேமிப்பில் இருக்கும். ரிப்போர்ட் செய்யும்போது அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி அனுப்பலாம். ஃபோர்ட்நைட்டிலும் கடைசி 5 நிமிடப் பேச்சோடு புகார் செய்ய வழி இருக்கிறது. ஆகவே ஆட்டம் நடக்கும்போதோ முடிந்த கையோடோ செய்துவிட வேண்டும். இரவு சாப்பிட்டுவிட்டு வந்து செய்யலாம் என்றால் பதிவு போய்விடும்.

நம் ஊர்க்காரர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க ஒரு காரணமும் உண்டு. கால் ஆஃப் டியூட்டியில் குரல் வசையைத் தானாகக் கேட்டுப் பிடிக்கும் டாக்ஸ்மாட் என்ற மென்பொருளை 2023 ஆகஸ்டில் வட அமெரிக்காவில் சோதித்தார்கள். நவம்பரில் உலகமெங்கும் விரிவுபடுத்தியபோது ஆசியாவை விட்டுவிட்டார்கள். முதலில் கேட்டதும் ஆங்கிலப் பேச்சைத்தான். தமிழில் விழும் வசையை இயந்திரம் தானாகப் பிடித்துவிடும் என்று காத்திருக்க முடியாது. நாம் அனுப்பும் ரிப்போர்ட்தான் கேம் நிறுவனத்தின் கண்ணில் படும் ஒரே தடயமாக இருக்கலாம். வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சாதி, மதம், நிறம் பற்றிய வசைக்கு வெறுப்புப் பேச்சு, மிரட்டலுக்கு மிரட்டல். எல்லாவற்றுக்கும் ஏமாற்று ஆட்டம் என்று அழுத்தினால் புகார் வேறு வழியில் போய்விடும்.

11. ஆதாரம் எடுக்கும்போது பெயரை நம்பாதீர்கள், எண்ணை எடுங்கள். கேமில் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ இரண்டிலும் ஒருவரின் புரொஃபைலைத் திறந்தால் பெயருக்கு அருகில் ஐடி எண் இருக்கும். அது மாறாது. வசை எழுதிய திரை, அந்த எண் தெரியும் திரை, தேதியும் நேரமும் தெரியும் திரை என மூன்று ஸ்கிரீன்ஷாட் போதும். போனில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டாலும் சில சமயம் கேமின் சத்தம் மட்டும் பதிவாகி, அணியினரின் குரல் விடுபட்டுப்போகும். குரல் முக்கியம் என்றால் ஸ்பீக்கரில் வைத்து வீட்டிலுள்ள இன்னொரு போனில் பதிவு செய்யுங்கள். எடுத்ததை நண்பர்கள் குழுவில் பகிர வேண்டாம். ஒரு கோப்பில் போட்டு வைத்தால் போதும்.

12. ஐடியில் சொந்தப் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, பள்ளி, சாதிப் பெயர் எதுவும் வேண்டாம். பெயரோடு ஊரும் 2011 என்ற ஆண்டும் சேர்ந்த ஐடியைப் பார்த்தாலே, ஆடுவது எந்த ஊர்ப் பிள்ளை, என்ன வயது என்று தெரிந்துவிடுகிறது. திட்டுபவனுக்கு அதுவே முதல் கைப்பிடி. புரொஃபைல் படத்தில் முகமும் வேண்டாம்.

13. போன் எண் கொடுக்கவே கூடாது. "டயமண்ட் தர்றேன்", "யூசி அனுப்பறேன், நம்பர் குடு" என்று கேமுக்குள் செல்லும் பணத்தைக் காட்டிக் கேட்பார்கள். அந்த எண்ணில் யுபிஐ இருந்தால், எண்ணைப் போட்டுப் பார்த்தாலே வங்கியில் உள்ள முழுப் பெயர் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது அப்பாவின் அல்லது அம்மாவின் பெயர். பிறகு கேமில் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். பதின்வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

14. அணியில் காலியிடம் இருந்தால் அறியாத ஆளைக் கொண்டு நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். மூன்று நண்பர்கள் இருந்தால் மூன்று பேராகவே ஆடட்டும். நான்காவதாக வரும் "ரேண்டம்" ஆளிடமிருந்துதான் பாதி தொல்லை வருகிறது. சில நேரம் தலைகீழாகவும் நடக்கும். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்துகொண்டு அந்த ஒற்றை ஆளைக் கிண்டல் செய்வார்கள். உங்கள் பிள்ளை அந்த மூவரில் ஒருவராக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

15. திட்டுபவர் வகுப்புத் தோழர் என்றால் மேலே சொன்னவை போதாது. முகம் தெரியாதவன் மியூட்டோடு மறைந்துபோவான். வகுப்பில் கூட இருப்பவனை மறுநாள் காலையில் பார்த்தாக வேண்டும். இரவு ஆட்டத்தில் "உன்னாலதான் தோத்தோம்" என்று ஆரம்பித்தது, மறுநாள் வகுப்பில் பட்டப்பெயராக மாறி, வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராகவும் சுற்றும். பிள்ளை கேமை விட்டுவிட்டாலும் பட்டப்பெயர் விடாது. இங்கே கேம் நிறுவனத்துக்குப் புகார் செய்து பயனில்லை. முதலில் அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம், ஆதாரத்தோடு, மெதுவாகப் பேசுங்கள். "உங்க பையன் ரவுடி" என்று ஆரம்பித்தால் அவர்கள் தங்கள் பிள்ளையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். "ரெண்டு பேரும் நண்பர்கள்தான், இது இத்தோட நிக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் வகுப்பாசிரியர். "கேம்ல நடந்ததுக்கு ஸ்கூல் என்ன செய்யும்?" என்று பள்ளியில் கேட்டால், பாதிப்பு வகுப்பறையில் நடக்கிறது என்பதைக் காட்டுங்கள். எதற்கும் முன் பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தனக்குத் தெரியாமல் பெற்றோர் பள்ளிக்கு வந்து நின்றால் பிள்ளைக்கு இரட்டை அவமானம்.

16. விளையாடும் பெண் பிள்ளைகளுக்கு: மைக்கைத் திறந்து "லெஃப்ட்ல ரெண்டு பேர்" என்று சொன்னதுமே "பொண்ணா? நம்பர் குடு" என்று ஆரம்பிப்பதும், மறுத்தால் அசிங்கமாகப் பேசுவதும் எல்லா நாட்டுக் கேம்களிலும் நடக்கிறது. அதனால் பல பெண்கள் வாயே திறக்காமல், ஆண் பெயரில் ஆடுகிறார்கள். தற்காப்புக்காக அப்படிச் செய்வதில் தவறில்லை. ஆனால் "நீ பொண்ணு, உனக்கு எதுக்கு இந்த விளையாட்டு?" என்று வீட்டில் சொல்லக் கூடாது. கேமில் அந்த அறியாத ஆள் சொல்வதும் இதைத்தான். வீட்டிலும் அதையே கேட்டால் அவள் யாரிடம் போவாள்? அண்ணன் தம்பிகள், அணியில் இருக்கும் பையன்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அப்படி ஒருவன் பேசும்போது சிரிக்காமல், அமைதியாகவும் இருந்துவிடாமல், "கேமை மட்டும் பேசு" என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள். பிறகு எல்லோருமாக அவனை ரிப்போர்ட் செய்யுங்கள். பாதிக்கப்பட்டவர் தனியாகப் பதில் சொல்வதைவிடக் கூட இருப்பவர் சொல்லும் ஒரு வரிக்குப் பலம் அதிகம்.

17. 13 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் ஹெட்போன் இல்லாமல், கூடத்தில், ஸ்பீக்கரில் விளையாடட்டும். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. சமையல் செய்துகொண்டே காதில் விழுந்தால் போதும். ராப்லாக்ஸில் பெற்றோர் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்து, யாரோடு பேசலாம் என்பதைக் கட்டுப்படுத்தலாம். 2024 நவம்பர் முதல் அங்கே 13 வயதுக்குட்பட்டோருக்கு ஆட்டத்துக்கு வெளியே தனி மெசேஜ் தானாகவே மூடப்பட்டிருக்கிறது. மைன்கிராஃப்ட் ஆடும் பிள்ளைக்குப் பொது சர்வருக்குப் பதில் ரெல்ம்ஸ் எடுத்துக் கொடுத்தால், அழைத்த நண்பர்கள் மட்டுமே உள்ளே வர முடியும். திட்டுபவனைவிட அதிகம் பயப்பட வேண்டிய ஆள் ஒருவன் உண்டு. ரொம்பவும் அன்பாகப் பேசி, பரிசு கொடுத்து, "இங்க வேணாம், டிஸ்கார்டுக்கு வா", "வாட்ஸ்அப்புக்கு வா" என்று கூப்பிடுபவன். கேமின் கண்காணிப்பும் வடிகட்டியும் அங்கே இல்லை என்பதால்தான் கூப்பிடுகிறான். கேமில் பழகியவர் வேறு செயலிக்கு அழைத்தால் வீட்டில் உடனே சொல்ல வேண்டும் என்று பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். டிஸ்கார்டு செயலி போனில் ஏற்கெனவே இருந்தால், ஒரே சர்வரில் இருப்பவர்கள் தனி மெசேஜ் அனுப்பும் அனுமதியை அணைத்துவிடுங்கள்.

18. உங்கள் பிள்ளையே திட்டுகிறதா என்று பாருங்கள். எந்த வீட்டிலும் நம்ப மாட்டார்கள், ஆனால் பார்க்கத்தான் வேண்டும். ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், முகமும் பெயரும் மறையும்போது மனிதர்கள் நேரில் சொல்லத் துணியாததையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள் என்பதை விளக்கினார். ரயட் நிறுவனம் தன் ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோது, எப்போதும் வசையோடே திரிபவர்கள் சுமார் 1 சதவீதம்தான் என்று தெரிந்தது. மொத்த வசையில் அவர்களின் பங்கு சுமார் 5 சதவீதம். மீதியில் பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடும் சாதாரண ஆட்கள் ஒரு கெட்ட நாளில் கொட்டியது. பசி, தூக்கமின்மை, தேர்வு பயம், அடுத்தடுத்து தோல்வி, இவை சேர்ந்தால் யார் வாயிலிருந்தும் வரும். அதனால் வீட்டில் ஒரு விதி வையுங்கள்: இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அன்றைக்கு ராங்க் (தரவரிசை) ஆட்டம் இல்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வேறு வேலை. ராங்க் புஷ் செய்யும் சீசன் கடைசி நாட்களில், நள்ளிரவில், இந்த விதி இரட்டிப்பு அவசியம். பிள்ளை திட்டியது தெரியவந்தால், கத்தாமல், "அந்தப் பக்கம் இருந்தது உன் தங்கச்சியா இருந்தா?" என்று கேளுங்கள். பிஜிஎம்ஐயில் மெரிட், ஃப்ரீ ஃபயரில் ஹானர் ஸ்கோர் என்று நடத்தைக்கு 100-க்கு மதிப்பெண் இருக்கிறது. அது குறைந்திருந்தால் பேச்சை ஆரம்பிக்க அதுவே நல்ல இடம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது கேட்ச் விட்டவரை வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்லித் திட்டுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள்.

19. புதிய கேம் எடுக்கும்போது கிராஃபிக்ஸைப் பார்ப்பது போலவே, அதில் அறியாதவர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்றும் பாருங்கள். சில கேம்கள் இதை யோசித்தே கட்டப்பட்டவை. 2014-ல் வந்த ஹார்த்ஸ்டோனில் எதிராளியோடு வணக்கம், நன்றி, நன்றாக ஆடினாய் போன்ற சில தயார் வாக்கியங்களைத்தான் பரிமாற முடியும். அதையும் அடக்கிவைக்கலாம். நின்டெண்டோவின் ஸ்பிளட்டூன் 2015-ல் வெளிவந்தபோது குரல் சாட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், வசைக்கு இடம் தரக் கூடாது என்பதற்காக. கிளாஷ் ராயலில் வார்த்தையே இல்லாமல் சிரிக்கும் ராஜா பொம்மையை மாற்றி மாற்றி அனுப்பி வெறுப்பேற்றுவார்கள். அதற்கும் மியூட் பொத்தான் இருக்கிறது. முதன்முதலாக ஆன்லைனில் ஆடப்போகும் சிறு பிள்ளைக்கு இப்படிப்பட்ட கேமிலிருந்து தொடங்குவது நல்லது. ஏற்கெனவே வாய்ஸ் சாட்டோடு ஆடிப் பழகிய பையனிடம் இதை நீட்டினால் வாங்கமாட்டான்.

20. எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்குக் காவல்துறையிடம் போக வேண்டும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். "நூப்" என்பதற்கு மியூட் போதும். மனம் புண்படும்படி இணையத்தில் எழுதுவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்துவிட்டது. ஆனால் ஆபாசமானதை அனுப்புவதற்கு 67-ம் பிரிவும், குழந்தைகள் தொடர்பான ஆபாசத்துக்கு 67பி பிரிவும் இருக்கின்றன. பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்கு 351-ம் பிரிவு, பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு 78-ம் பிரிவு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் பாலியல் நோக்கத்தோடு பேசினால், படம் கேட்டால் போக்சோ சட்டம் வரும். இணையத்தில் நடந்ததுதானே என்று தட்டிக்கழிக்க முடியாது. இணையக் குழுவில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதியவருக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004-லேயே 67-ம் பிரிவில் தண்டனை கொடுத்திருக்கிறது. கொலை மிரட்டல், பாலியல் பேச்சு, படத்தை வைத்து மிரட்டுவது, வீட்டு முகவரியைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்வது, இவற்றில் ஒன்று நடந்தாலும் எதையும் அழிக்காமல், ஐடியை நீக்காமல், 11-ம் குறிப்பில் சொன்னபடி ஆதாரத்தோடு சைபர் கிரைம் பிரிவுக்குப் போங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம்.

பிள்ளை சில நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை, பிடித்த கேமைத் திடீரென்று தொடுவதில்லை, யாரைப் பார்த்தாலும் எரிந்துவிழுகிறது என்றால், "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று நீங்களே கேளுங்கள். "செத்துப் போ" என்று யாரோ சொன்னதை மனதில் போட்டுக் குமைகிற பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, உடனடி ஆபத்துக்கு 112. கேமில் ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் 1930. இலங்கையில் குழந்தைகளுக்கான எண் 1929, மலேசியாவில் 15999. உங்கள் நாட்டுக்குரிய எண்களை இன்றைக்கே உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் சேமித்துவையுங்கள்.